கான்டாக்ட் லென்ஸ்: மலையில இருக்கறவங்க எப்படிப் போடறீங்க, எப்படி எடுக்கறீங்க?

கோத்தகிரிப்_பொண்ணு எழுதியது:

வணக்கம். போன வாரம் கோயம்புத்தூர் போய் கண்ணைக் காட்டிட்டு லென்ஸ் வாங்கிட்டு வந்தேன். மாசம் ஒரு ஜோடி மாத்தற சாஃப்ட் லென்ஸ். ரெண்டு கண்ணுக்கும் மைனஸ் பவர், இடது கண்ணுல மட்டும் கொஞ்சம் சிலிண்டர், அதாவது கருவிழி வளைவு சீரா இல்லாததைச் சரிபண்ற பவர். கடையில உட்கார வெச்சு சொல்லிக் கொடுத்தாங்க, அங்க ஒழுங்காத்தான் போட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் சிக்கல். காலையில விரலெல்லாம் மரத்துக் கிடக்கு. லென்ஸைக் கண்ணுகிட்ட கொண்டுபோனா கண்ணுல ஒட்டாம விரல்லயே ஒட்டிக்கிட்டுத் திரும்பி வருது. ராத்திரி எடுக்கறப்போ அதைவிடப் பயம். கருவிழியையே கிள்ளிடுவோமோன்னு கை நடுங்குது. இதுக்கு நடுவுல அம்மாயி, லென்ஸ் நழுவி கண்ணுக்குப் பின்னாடி போயிடும்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க. இங்க மலையில இருந்துக்கிட்டே லென்ஸ் போடறவங்க எப்படிச் சமாளிக்கறீங்க? விவரமா சொன்னா புண்ணியமாப் போகும்.

விழிப்படலம் எழுதியது:

குன்னூர்ல ஆப்டோமெட்ரிஸ்டா வேலை பார்க்கறேன். முதல்ல அம்மாயிக்குப் பதில் சொல்லிடறேன். வெள்ளை விழியைப் போர்த்தியிருக்கற மெல்லிய சவ்வு அப்படியே மடிஞ்சு இமையோட உள்பக்கத்துல போய்ச் சேருது. நடுவுல வழியே கிடையாது. அதனால லென்ஸ் கண்ணுக்குப் பின்னாடி போகவே முடியாது. அதிகபட்சம் மேல் இமைக்கு அடியில மடங்கி ஒளிஞ்சுக்கும். அப்படி ஆனா லென்ஸுக்குன்னு விக்கற ஈரப்பத சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடி, கீழ பார்த்தபடி மேல் இமையை மெதுவா நீவி விடுங்க. தானா இறங்கி வரும்.

விரல்ல ஒட்டறதுக்குக் காரணம் ஈரம். லென்ஸ் எந்தப் பக்கம் ஈரம் அதிகமோ அந்தப் பக்கம் போகும். விரல் நுனி ஈரமா இருந்தா அது ஏன் கண்ணுக்குப் போகப் போகுது? வெதுவெதுப்பான தண்ணியில சோப்பு போட்டுக் கை கழுவுங்க, மரத்த விரலுக்கும் உணர்ச்சி திரும்பும். நல்லா அலசின பிறகு ஒட்டத் துடைங்க. டர்க்கி டவல் வேண்டாம், பஞ்சு விடும். துவைச்சுத் துவைச்சு மெலிஞ்ச வேட்டித் துணியில ஒரு துண்டு கிழிச்சு, தினமும் அலசிக் காயப்போட்டு, அதை லென்ஸுக்குன்னே வெச்சுக்குங்க. குளிருக்குக் கையில தேங்காய் எண்ணெயோ கிரீமோ தடவற பழக்கம் இங்க எல்லார்கிட்டயும் இருக்கு. லென்ஸ் போட்டு முடிச்ச பிறகு தடவுங்க. எண்ணெய் விரல் பட்ட லென்ஸ் அன்னிக்கு முழுக்க மங்கலாத்தான் தெரியும்.

லென்ஸை ஆள்காட்டி விரல் நுனியில வெச்சு ஜன்னல் வெளிச்சத்துல பக்கவாட்டுல பாருங்க. விளிம்பு கிண்ணம் மாதிரி நேரா எழும்பி இருந்தா சரியான பக்கம். விளிம்பு வெளியே விரிஞ்சு மலர்ந்திருந்தா உள்வெளியாத் திரும்பியிருக்கு. கிழிசல், தூசி இருக்கான்னும் அப்பவே பார்த்துடணும்.

எப்பவும் வலது கண்ணுலதான் ஆரம்பிக்கணும். உங்களுக்கு ரெண்டும் வேற வேற லென்ஸ், ஒருநாள் மாறிப்போனா தலைவலியோட அலைவீங்க. லென்ஸ் இருக்கற கையோட நடுவிரலால கீழ் இமையை இறக்குங்க. மேல் இமையை மறு கையால, மயிர்க்கால் ஒட்டி, எலும்போட சேர்த்துப் பிடிங்க. புதுசா போடறவங்க நிறைய பேர் கீழ் இமையை மட்டும் பிடிக்கறாங்க, ஆனா சிமிட்டி லென்ஸைத் தள்ளிவிடறது மேல் இமை. ரெண்டு கண்ணையும் திறந்தே வெச்சு கண்ணாடியில நேரா பாருங்க. லென்ஸை அமுக்க வேண்டாம், தொட்டாப் போதும். ஒட்டினதும் விரலை எடுத்துட்டு, கீழ பார்த்து, இமையை மெதுவா விடுங்க. இடது கண் சிலிண்டர் லென்ஸ் தன் நிலைக்குச் சுத்தி வரக் கொஞ்ச நேரம் ஆகும், அதுவரைக்கும் மங்கலாத் தெரிஞ்சாப் பதற வேண்டாம். உறுத்தல் நிக்கலேன்னா மட்டும் எடுத்து, சொல்யூஷன்ல, அதாவது லென்ஸ் கழுவன்னு விக்கற திரவத்துல, கழுவி மறுபடி போடுங்க.

எடுக்கறப்போ கருவிழியைக் கிள்ளப் போறதில்லை. மேல பாருங்க. ஆள்காட்டி விரலை லென்ஸோட கீழ்ப்பகுதியில வெச்சு, வெள்ளை விழிக்கு இழுத்து இறக்குங்க. அங்க வந்த பிறகுதான் கட்டைவிரல், ஆள்காட்டி விரல் சதையால லேசாக் கிள்ளி எடுக்கணும். நகம் படக்கூடாது, வெட்டிடுங்க. அதுக்கு முன்னாடி ஒரு வேலை: மறு கண்ணைப் பொத்திக்கிட்டுப் பாருங்க. தெளிவாத் தெரிஞ்சா லென்ஸ் இடத்துல இருக்கு. மங்கலா இருந்தா அது விழுந்திருக்கலாம், நகர்ந்திருக்கலாம். இல்லாத லென்ஸைத் தேடி வெறும் கருவிழியைச் சுரண்டி, மறுநாள் கண்ணைத் திறக்க முடியாம வந்து நிக்கறவங்களை நான் பார்த்திருக்கேன். லென்ஸ் வறண்டு ஒட்டியிருந்தா பலவந்தம் பண்ணாம சொட்டு மருந்து விட்டு, கொஞ்ச நேரம் சிமிட்டி, அது அசையறது தெரிஞ்ச பிறகு எடுங்க.

கோத்தகிரிப்_பொண்ணு எழுதியது:

ரொம்ப நன்றி அக்கா. மேல் இமையைப் பிடிக்கணும்னு கடையில சொன்னாங்களான்னே நினைவில்ல. ராத்திரி கழுவி வைக்கறதையும் சொல்லிடுங்க. பாட்டில்ல எழுத்து பொடிசா இருக்கு.

விழிப்படலம் எழுதியது:

உள்ளங்கைக் குழியில லென்ஸை வெச்சு, சில சொட்டு சொல்யூஷன் விட்டு, விரல் சதையால ரெண்டு பக்கமும் தேய்க்கணும். 'தேய்க்கவே வேண்டாம்'னு பாட்டில்ல போட்டிருந்தாலும் தேய்ங்க. கண்ணீர்ல இருக்கற புரதமும் கொழுப்பும் லென்ஸ்ல படலமாப் படியும், கிருமி அதுலதான் ஒட்டும். வெறுமனே ஊற வெச்சா அது போகாது. தேய்ச்ச பிறகு சொல்யூஷனாலயே அலசி, கேஸ்ல, அதாவது லென்ஸ் வைக்கற டப்பாவுல, லென்ஸ் முழுக அதையே ஊத்தி மூடுங்க. நேத்து ஊத்தினதுல இன்னிக்குக் கொஞ்சம் சேர்த்து நிரப்பறது கூடாது. பயன்படுத்தின சொல்யூஷன்ல கிருமியைக் கொல்ற சக்தி குறைஞ்சு போயிருக்கும்.

காலையில லென்ஸ் எடுத்ததும் மிச்சத்தைக் கொட்டி, கேஸையும் சொல்யூஷனாலயே அலசி, சுத்தமான டிஷ்யூவால துடைச்சு, கேஸையும் மூடியையும் தனித்தனியாக் கவிழ்த்து வையுங்க. இங்கதான் மலைக்காரங்களுக்கு ஒரு கஷ்டம். கீழ ஊர்ல அரை மணியில காயறது, தென்மேற்குப் பருவத்துல குன்னூர்ல சாயங்காலம் வரைக்கும் காயாது. பாத்ரூம்ல வெச்சா காயவே காயாது. துடைக்கறதை விடாதீங்க. ரெண்டு கேஸ் வாங்கி மாத்தி மாத்தி வெச்சாலும் நல்லது. கடைக்கு வர்ற பழைய கேஸ்ங்களோட மூடியைத் திறந்து மரையில விரலை ஓட்டிப் பாருங்கன்னு நான் அவங்களையே தொடச் சொல்லுவேன். வழவழன்னு இருக்கும். அது சொல்யூஷன் இல்ல, கிருமிக் கூட்டம் கட்டின படலம். மூணு மாசத்துக்கு ஒருமுறை கேஸைத் தூக்கிப் போட்டுடணும். திறந்த சொல்யூஷன் பாட்டிலுக்கும் கெடு இருக்கு. திறந்த தேதியை மேலயே பேனாவால எழுதி வையுங்க.

மாச லென்ஸ்னா கவரைப் பிரிச்ச நாள்ல இருந்து ஒரு மாசம். நடுவுல போடாம விட்ட நாளைக் கழிச்சுக் கணக்குப் பண்ணக்கூடாது.

மஞ்சூர்_தோட்டம் எழுதியது:

டாக்டரம்மா சொன்னதெல்லாம் சரிதானுங்க. ஆனா ஒரு சந்தேகம். எங்க பையன் லென்ஸ் போடறான். மஞ்சூர்ல சொல்யூஷன் கிடைக்கறது குதிரைக்கொம்பு, ஊட்டியில இருந்து வரணும். தீர்ந்துபோன நாள்ல நம்ம தோட்டத்து ஊத்துத் தண்ணியில அலசி வைக்கறான். பாறையில இருந்து வர்ற தண்ணி, குளோரின் வாடை கிடையாது, தலைமுறையா குடிக்கறோம், ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆனதில்ல. சந்தேகமா இருந்தா காய்ச்சி ஆற வெச்சுக்கலாம். டவுன் தண்ணியைத்தான் வேண்டாம்னு சொல்லணும், ஊத்துத் தண்ணி என்னங்க பண்ணும்?

விழிப்படலம் எழுதியது:

அண்ணா, நான் டாக்டர் இல்லீங்க, ஆப்டோமெட்ரிஸ்ட். கண்ணாடி, லென்ஸ் பவர் பார்க்கறது, பொருத்தறது என் வேலை.

உங்க ஊத்துத் தண்ணி குடிக்க நல்ல தண்ணிதான், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா வயித்துக்கு அமிலம் இருக்கு, கண்ணுக்கு இல்ல. அகந்தமீபான்னு ஒரு ஒற்றைச் செல் உயிரி இருக்கு. மண்ணு, கிணறு, ஊத்து, தொட்டி, குழாய், எல்லா இடத்துலயும் வாழும். குடிச்சா ஒண்ணும் பண்ணாது. அதுக்குச் சூழல் பிடிக்கலேன்னா கெட்டியான ஓடு கட்டிக்கிட்டு உள்ள உட்கார்ந்துக்கும். குடிதண்ணியில போடற குளோரின் அளவு அந்த ஓட்டைத் தொடாது. ஆக டவுன் தண்ணியானாலும் ஊத்துத் தண்ணியானாலும் லென்ஸுக்கு ரெண்டும் ஒண்ணுதான். தண்ணியில அலசின லென்ஸ் வழியா அது கண்ணுக்கு வருது. லென்ஸ் கருவிழியில ஏற்படுத்தற கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியா உள்ள நுழையுது. அப்புறம் வர்ற வலி இருக்கே, கண்ணைப் பார்த்தா லேசான சிவப்புதான் இருக்கும், ஆளு மட்டும் துடிச்சுப் போவார். வைரஸ் புண்ணுன்னு தப்பா நினைச்சு வைத்தியம் பார்க்கற அளவுக்குக் குழப்பும். மருந்து ஆரம்பத்துல மணிக்கு மணி சொட்டு, ராத்திரியும் எழுந்து விடணும். மாசக்கணக்குல போகும். அப்பவும் கண்ணுல பூ விழுந்து, கருவிழி மாத்து அறுவை சிகிச்சை வரைக்கும் போனவங்க உண்டு.

இது அபூர்வமா வர்றதுதான். ஆனா வந்துட்டா கண்ணு போறது அபூர்வமில்லையே.

காய்ச்சின தண்ணிக்கும் இதேதான். கொதிக்கறப்போ கிருமி சாகலாம். ஆறற நேரத்துல, ஊத்தற பாத்திரத்துல, தொடற கரண்டியில மறுபடி ஏறிடும். அதுல கிருமிநாசினி இல்லாததால ராத்திரி முழுக்க கேஸ்ல பெருகும். போதாததுக்கு, சாஃப்ட் லென்ஸ் வெறும் தண்ணியை இழுத்து உருமாறி, கண்ணுல போட்டதும் இறுக்கமா ஒட்டிக்கும்.

பையனுக்குச் சொல்யூஷன் தீர்ந்துபோன ராத்திரி செய்ய வேண்டியது இது: லென்ஸைக் கழட்டிக் குப்பையில போட்டுட்டு கண்ணாடி மாட்டிக்கணும். ஒரு ஜோடி லென்ஸ் போனா போகட்டும். பழைய கண்ணாடியைத் தூக்கிப் போடாம, இப்போ இருக்கற பவருக்கு ஒரு கண்ணாடி கைவசம் இருக்கணும்னு நான் ஒவ்வொருத்தர்கிட்டயும் வற்புறுத்தறது இதுக்குத்தான்.

மஞ்சூர்_தோட்டம் எழுதியது:

சரிங்க, தண்ணி வேண்டாம். மெடிக்கல்ல டிரிப்ஸுக்குக் குடுக்கற சலைன் பாட்டில் சுத்தமானதுதானே? அது மஞ்சூர்லயே கிடைக்கும். அதுல ஊற வெக்கலாமா?

லவ்டேல்_ரயிலடி எழுதியது:

ஐயா, நான் வேதியியல் சொல்லிக் குடுக்கறவன். இந்த ஒண்ணை நான் சொல்லட்டுமா? சலைன் பாட்டில் திறக்கற வரைக்கும்தான் சுத்தம். அதுல உப்பும் தண்ணியும் மட்டும்தான், கிருமியைக் கொல்ற பொருள் எதுவும் இல்ல. ஊசியால குத்தி அல்லது மூடியை வெட்டித் திறந்த நிமிஷத்துல இருந்து கிருமி ஏற ஆரம்பிக்கும். 1980கள்ல அமெரிக்காவுல உப்பு மாத்திரையைத் தண்ணியில கரைச்சு வீட்டுலயே லென்ஸ் சலைன் பண்ற பழக்கம் இருந்துச்சு. அகந்தமீபா புண் அங்க கூட்டமாப் பரவினப்போ தேடிப் பார்த்ததுல முக்கியக் காரணமா அந்த வீட்டுச் சலைன்தான் நின்னுச்சு. அதுக்குப் பிறகுதான் அந்த மாத்திரை வழக்கமே ஒழிஞ்சது.

லென்ஸ் ஏன் இப்படி எல்லாத்தையும் இழுத்துக்குதுன்னா, அது ஆனதே அப்படி. தண்ணியை உறிஞ்சி மெத்துன்னு ஆகற ஹைட்ரோஜெல். செக் நாட்டு வேதியியலாளர் ஓட்டோ விக்டர்லே 1961 கிறிஸ்துமஸ் சமயத்துல, பையனோட மெர்குர் விளையாட்டுச் சாமானையும் சைக்கிள் டைனமோவையும் வெச்சு வீட்டுலயே ஒரு கருவி கட்டி, சாஃப்ட் லென்ஸை வார்த்து எடுத்தார். அதுக்கு முன்னாடி இருந்ததெல்லாம் கண்ணாடியும் கெட்டிப் பிளாஸ்டிக்கும். கண்ணுக்கு இதமா இருக்கற அதே குணம்தான், எந்தத் தண்ணியில போட்டாலும் அந்தத் தண்ணியை உள்ள வாங்கிக்கறதுக்கும் காரணம். மாணவர்களுக்கு இதைச் சொல்றப்போ எனக்கு ஒவ்வொரு தடவையும் அந்த மனுஷன் மேல மரியாதை கூடும்.

பூம்பாறை_பூண்டு எழுதியது:

கொடைக்கானல் பக்கம் பூம்பாறைலருந்து எழுதுறேன். எனக்கு கெரட்டோகோனஸ், அதாவது கருவிழி மெலிஞ்சு கூம்பா முன்னாடி நீட்டிக்கிட்டு வர்றது. கண்ணாடி போட்டாலும் எழுத்து ரெண்டு மூணாத் தெரியும், அதனால கெட்டி லென்ஸ்தான். கடைல செமி சாஃப்ட்னு சொல்லுவாங்க, ஆக்சிஜன் ஊடுருவுற வகை. மதுரைக்குப் போய்த்தான் பொருத்திக்கிட்டேன். அதைப் போட்ட அன்னைக்கு எதிர்மலையில மரம் தனித்தனியாத் தெரிஞ்சுச்சு.

இதை எடுக்குற விதம் வேறக்கா. கிள்ளி எடுக்க வராது. தலையைக் குனிஞ்சு, கண்ணை அகல விரிச்சு, வெளி ஓரத்தை விரலால காதுப் பக்கமா இழுத்து வச்சுக்கிட்டு பலமா ஒரு சிமிட்டு. இமை விளிம்பு லென்ஸ் விளிம்பை நெம்பி விட்டு, டக்குன்னு உள்ளங்கையில வந்து விழும். வாஷ்பேசின் ஓட்டையை முதல்ல ஒரு துணியால அடைச்சுறணும். இதுல ஒரு லென்ஸ் போனா மறுபடி மதுரைக்குப் போய் அளவெடுத்து, செஞ்சு வர்ற வரைக்கும் காத்துக் கிடக்கணும். சின்ன ரப்பர் உறிஞ்சி ஒண்ணும் குடுத்திருக்காங்க. லென்ஸ் கருவிழி மேல இருக்குன்னு கண்ணாடியில பார்த்து உறுதி பண்ணிட்டுத்தான் அதை வைக்கணும்னு கண்டிச்சு சொல்லியிருக்காங்க.

எங்க ஊரு தொழிலே மலைப்பூண்டு. பூண்டு உரிச்ச கையில ரெண்டு தடவை சோப்புப் போட்டாலும் காரம் போகாது. அதனால தொழில் நாள்ல காலைலயே லென்ஸ் போட்டுட்டுத்தான் பூண்டுல கை வைக்கிறது. சாயங்காலம் எடுக்குறதுக்கு எங்க தங்கச்சி, அது பூண்டு தொடாத கை, அதான் எடுத்து விடும். காத்து வீசுற நாள்ல தூசி லென்ஸுக்கு அடியில போயிட்டா உயிர் போயிரும், அதனால பைக்ல போறப்போ மேல ஒரு காத்துத் தடுப்புக் கண்ணாடி கட்டாயம்.

விழிப்படலம் எழுதியது:

தம்பி, தங்கச்சி எடுத்து விடறது நல்ல ஏற்பாடு. இன்னொன்னும் உங்களுக்குச் சொல்லணும்: கண்ணைக் கசக்கவே கூடாது. கெரட்டோகோனஸ் இருக்கறவங்களுக்குக் கண் அரிப்பும் சேர்ந்தே இருக்கறது சகஜம். கசக்கக் கசக்கக் கூம்பு கூடும். அரிச்சா அதுக்கு மருந்து வாங்கிப் போடுங்க. பழைய ஆளுங்க சிலர் கெட்டி லென்ஸைக் குழாய்த் தண்ணியில அலசலாம்னு சொல்லுவாங்க. அதையும் கேட்காதீங்க, சொல்யூஷன்தான்.

டீ_பேக்டரி_ஷிப்ட் எழுதியது:

நான் தேயிலைத் தொழிற்சாலையில ஷிப்ட் சூப்பர்வைசர். தூள் சலிக்கற இடத்துல பஞ்சு மாதிரி ஒண்ணு பறந்துக்கிட்டே இருக்கும், தேயிலையோட ரோமம். சாஃப்ட் லென்ஸோட அங்க நின்னா ஒரு மணி நேரத்துல கண்ணுக்குள்ள மண்ணு கொட்டின மாதிரி ஆகிடுது. உலர்த்தற அடுப்புப் பக்கம் போனா லென்ஸ் வறண்டு ஒட்டிக்குது. தோட்டத்துல மருந்தடிக்கற நாள்ல மேற்பார்வைக்கும் போகணும். லென்ஸ் போட்டுக்கிட்டே போகலாமா, மேல கவசக் கண்ணாடி போட்டா போதுமா?

விழிப்படலம் எழுதியது:

சலிப்பறை, மருந்தடிப்பு ரெண்டுக்கும் லென்ஸ் வேண்டாம் சார். பவர் கண்ணாடி மாட்டி, அதுக்கு மேல கவசக் கண்ணாடி போட்டுக்குங்க. சாஃப்ட் லென்ஸ் புகை, ஆவி, மருந்துத் திவலை எல்லாத்தையும் பிடிச்சு வெச்சுக்கும். வீட்டுல விறகடுப்பு ஊதறவங்களுக்கும் இதே பதில்தான். அடுப்பு வேலை முடிஞ்சு கை கழுவிட்டுப் போடுங்க. குளிருக்குக் கரிச்சட்டி வெச்சுக்கிட்டு பக்கத்துல உட்கார்ந்தாலும் லென்ஸ் வறளும். மலை உயரத்தால காத்துல ஆக்சிஜன் குறைவு, அதனால லென்ஸ் ஆகாதுன்னு சிலர் பயமுறுத்துவாங்க. நம்ம ஊர் உயரத்துக்குப் பகல்ல போடறதுல அது தடையில்ல, வறட்சியும் புகையும்தான் தொந்தரவு.

ஒரு விஷயத்துல மட்டும் மேல சொன்னதுக்கு நேர்மாறாச் செய்யணும். மருந்தோ சுண்ணாம்போ ஆசிடோ கண்ணுல தெறிச்சுடுச்சுன்னா, அந்த நிமிஷமே எந்தச் சுத்தமான தண்ணி கையில இருக்கோ அதை ஊத்திக் கழுவ ஆரம்பிங்க. சொல்யூஷன் தேடாதீங்க, லென்ஸை எடுக்கறதுக்காகக் கழுவறதைத் தள்ளிப் போடாதீங்க. இமையை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு, நிறுத்தாம ஊத்துங்க. லென்ஸ் தானா வந்தா வரட்டும், வராட்டி ஊத்திக்கிட்டே எடுத்துப் போடுங்க. இருபது நிமிஷமாவது கழுவிட்டு உடனே ஆஸ்பத்திரி. அங்க கண்ணுக்கு ஆபத்து அமீபா இல்ல, ரசாயனம். மருந்து டப்பாவையும் கையோட எடுத்துட்டுப் போங்க.

கோத்தகிரிப்_பொண்ணு எழுதியது:

அக்கா, சென்னைக்கு ராத்திரி பஸ்ல போறப்போ லென்ஸோட தூங்கலாமா? ஒரு ராத்திரிதானேன்னு தோழிங்க சொல்றாங்க. அப்புறம் ஜனவரி உறைபனியில சொல்யூஷன் கட்டிப் போயிட்டா இளக வெச்சுப் பயன்படுத்தலாமா?

விழிப்படலம் எழுதியது:

கட்டிப் போனதைக் கொட்டிடுங்க. ராத்திரி அலமாரிக்குள்ள வெச்சா கட்டிப் போகாது. காலையில லென்ஸ் ஜில்லுன்னு இருக்குன்னு கேஸை அடுப்புத் திட்டுல வெச்சு சூடு பண்ணவும் வேண்டாம்.

தூங்கறதுக்கு: கூடாது. கருவிழியில ரத்தக்குழாய் கிடையாது, அதுக்கு ஆக்சிஜன் பெரும்பாலும் காத்துல இருந்துதான் கிடைக்குது. கண்ணை மூடினாலே அது குறையும். லென்ஸும் மூடி, இமையும் மூடினா கருவிழி மூச்சுத் திணறி வீங்கும். கண்ணீர் ஓட்டமும் ரொம்பக் குறைஞ்சுடும், கிருமிக்கு அதைவிட நல்ல இடம் வேற இல்ல. தூங்கறப்போ போட்டிருந்தா தொற்று வர்ற வாய்ப்பு ஆறு முதல் எட்டு மடங்கு கூடுதல்னு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்லுது. மேட்டுப்பாளையம் பஸ்ல கொண்டை ஊசி வளைவுக்குள்ள கண்ணசர்றதும் தூக்கம்தான். ராத்திரிப் பயணம்னா கிளம்பறதுக்கு முன்னாடியே வீட்டுல நல்ல வெளிச்சத்துல கழட்டி வெச்சுட்டு கண்ணாடியோட ஏறுங்க. பஸ்ல கை கழுவாம கழட்டறது அதைவிட மோசம்.

குளிக்கறப்பவும் கழட்டிடணும். நம்ம பக்கம் அருவியில குளிக்கப் போறப்போ சொல்லவே வேண்டாம்.

வட்டக்கானல்_அம்மா எழுதியது:

சொந்தக்காரப் பொண்ணு ஒருத்திக்குக் கல்யாணத்துக்கு அலங்காரம் பண்ண வந்தவங்க கலர் லென்ஸ் கொண்டாந்து போட்டு விட்டாங்க. அதே லென்ஸ் முந்தின வாரம் வேற பொண்ணு கண்ணுல இருந்திருக்கு. மறுநாள் கண்ணு சிவந்து, கூசி, பீளை தள்ளிருச்சு. வீட்டுல பெரியவங்க ஆளுக்கொரு வைத்தியம், தாய்ப்பால் விடு, விளக்கெண்ணெய் விடுன்னு. ஒருத்தர் பழைய சொட்டு மருந்து பாட்டிலைக் கொண்டாந்தாரு. நல்லவேளை, அவ அண்ணன் எதையும் விட விடாம அன்னைக்கே மதுரைக்குக் கூட்டிட்டுப் போயிட்டான். கண்ணு தப்பிச்சுச்சு. இந்த மாதிரி சமயத்துல என்ன செய்யணும்னு எல்லாரும் பார்க்குற மாதிரி எழுதுங்கம்மா.

விழிப்படலம் எழுதியது:

அந்த அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க. அவர் செஞ்சதுதான் சரி.

லென்ஸ் போடற கண்ணு சிவந்து, வலிச்சு, வெளிச்சம் கூசி, பார்வை மங்கினா, இதுல ஏதாவது ஒண்ணு இருந்தாலே லென்ஸை உடனே கழட்டுங்க. கழட்டின பிறகும் சரியாகலேன்னா அன்னிக்கே கண் டாக்டர். 'நாளைக்குக் காலையில பார்க்கலாம்'ங்கறது வேண்டாம். சூடோமோனாஸ்னு ஒரு பாக்டீரியா, லென்ஸ் போடறவங்களோட கருவிழிப் புண்ணுல அடிக்கடி பார்க்கறது, ஒண்ணு ரெண்டு நாள்லயே கருவிழியைக் கரைச்சுடும். மலைப் பாதையில மண்சரிவு, பஸ் இல்லேன்னா ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்காவது போய்க் காட்டிடுங்க. பாதை திறந்திருந்தா கோயம்புத்தூர். கொடைக்கானல்காரங்களுக்கு மதுரை, தேனி ரெண்டு இடத்துலயும் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கு.

கண்ணைக் கட்டி மூடாதீங்க, உள்ள சூடும் ஈரமும் சேர்ந்து கிருமி வேகமா வளரும். வீட்டுல கிடக்கற பழைய சொட்டு மருந்துல ஸ்டீராய்டு இருக்கலாம். அது சிவப்பைக் குறைச்சு சரியாப் போச்சுன்னு நம்ப வைக்கும், உள்ள புண்ணு பெருகும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், பன்னீர் எதுவும் வேண்டாம், எவ்வளவு அன்போட குடுத்தாலும். கழட்டின லென்ஸை, கேஸை, சொல்யூஷன் பாட்டிலை அப்படியே ஒரு பையில போட்டு டாக்டர்கிட்ட கொண்டுபோங்க. அதுல இருந்து பரிசோதனைக்கு எடுத்து எந்தக் கிருமின்னு கண்டுபிடிக்க உதவும்.

கலர் லென்ஸைப் பத்தி: பவர் இல்லாததா இருந்தாலும் அது லென்ஸ்தான். கருவிழியோட வளைவுக்குப் பொருந்தணும். ஒருத்தர் போட்டதை இன்னொருத்தர் போடவே கூடாது. கல்யாணத்துக்கு ஆசையா இருந்தா முன்கூட்டியே கண்ணைக் காட்டி, ஒரு நாள் போட்டு வீசற வகையில வாங்கிக்குங்க. மேக்கப்புக்கு முன்னாடி லென்ஸ் போடணும், கழட்டறப்போ லென்ஸை எடுத்த பிறகுதான் மை அழிக்கணும். கண்ணாடிப் பவர் சீட்டை வெச்சு ஆன்லைன்ல ஆர்டர் போடறவங்களுக்கும் ஒரு வார்த்தை: மைனஸ் நாலுக்கு மேல போனா கண்ணாடிப் பவரும் லென்ஸ் பவரும் ஒண்ணா இருக்காது. லென்ஸுக்குத் தனியாச் சீட்டு வாங்குங்க.

வட்டக்கானல்_அம்மா எழுதியது:

என் பையன் ஒன்பதாவது படிக்கிறான், விடுதியில தங்கி. கால்பந்து ஆடுறதுக்கு லென்ஸ் வேணும்னு அடம் பிடிக்கிறான். இந்த வயசுல குடுக்கலாமா? விடுதியில தண்ணி, பாத்ரூம் எல்லாம் பொதுவுலதான்.

விழிப்படலம் எழுதியது:

வயசு தடையில்லம்மா. பெரியவங்களை விட ஒழுங்காப் பராமரிக்கற பசங்களை நான் பார்க்கறேன். நான் பார்க்கறது வேற: சொல்லாமலே கை கழுவறானா? கண்ணாடியைத் துடைச்சு டப்பாவுல வைக்கறானா? கண்ணு உறுத்தினா வந்து சொல்றவனா, இல்ல மேட்ச் போயிடும்னு மறைக்கறவனா? கடைசிக் கேள்விக்கு 'மறைப்பான்'னு உங்களுக்குத் தோணினா இன்னும் ஒரு வருஷம் பொறுங்க, ஆடறதுக்குன்னு வர்ற பவர் போட்ட விளையாட்டுக் கண்ணாடி வாங்கிக் குடுங்க.

குடுக்கறதா இருந்தா விடுதிப் பையனுக்குத் தினம் ஒரு ஜோடி வகைதான் குடுக்கணும். கேஸ் இல்ல, சொல்யூஷன் இல்ல, பொது பாத்ரூம்ல எதையும் கழுவ வேண்டியதில்ல. ஆட்டம் உள்ள நாள் மட்டும் போட்டா செலவும் ரொம்ப ஏறாது. ஆட்டம் முடிஞ்சதும், குளிக்கறதுக்கு முன்னாடி, கழட்டிக் குப்பைக் கூடையில போடணும். வாஷ்பேசின்லயோ கக்கூஸ்லயோ போடக்கூடாது. அதுவும் பிளாஸ்டிக்தான், பொடிப்பொடியாகித் தண்ணியில கலந்துடும். காலி டப்பாக்களைச் சேர்த்து வெச்சு லீவுக்கு வர்றப்போ வீட்டுக்கு எடுத்துட்டு வரச் சொல்லுங்க. எத்தனை டப்பா திரும்பி வருதுன்னு எண்ணினா, அவன் ஒரே லென்ஸை ரெண்டு மூணு நாள் போட்டானான்னு உங்களுக்கே தெரிஞ்சுடும்.

வட்டக்கானல்_அம்மா எழுதியது:

சரிம்மா. அடுத்த விடுமுறையில மதுரைக்குக் கூட்டிட்டுப் போய் முதல்ல கண்ணைக் காட்டுறேன். டப்பாவை எண்ணுவேன்னு அவன்கிட்ட இப்பவே சொல்லிடுறேன்.